கிளான்சி எழுதாத கிளான்சி

'டாம் கிளான்சியின் ஆப்-சென்டர்' நாவலை யாராவது மட்டம் தட்டினால் எனக்குக் கோபம் வரும். 1995ல் வந்த பேப்பர்பேக் அது. இலக்கியம் என்று யாரும் அதைச் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்து, சாம்பார்க் கறையோடு லைப்ரரியில் திருப்பிக் கொடுத்து, அபராதமும் கட்டி, பிறகு பழைய புத்தகக் கடையில் சொந்தமாக ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் ரயிலேறினால் என் பையில் அதுவோ அதன் தம்பிகளில் ஒன்றோ இருக்கும்.

விஷயம் என்னவென்றால், அட்டையில் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் டாம் கிளான்சி இந்தப் புத்தகத்தை எழுதவில்லை. 'உருவாக்கியவர்கள் டாம் கிளான்சி, ஸ்டீவ் பிச்செனிக்' என்று அட்டை சொல்கிறது. உருவாக்கினார்கள், சரி. உட்கார்ந்து எழுதியது யார்? உள்ளே நன்றி சொல்லும் பக்கத்தில், பொடி எழுத்தில், கையெழுத்துப் பிரதியைத் தயாரிக்க உதவியவர் என்கிற மாதிரி ஒரு பெயர் வருகிறது: ஜெஃப் ரோவின். அவர்தான் கோஸ்ட் ரைட்டர். 1995லிருந்து 2005 வரை இந்த வரிசையில் வந்த பன்னிரண்டு நாவல்களையும் எழுதிய கை அவருடையது. அத்தனை அட்டையிலும் பெரிய எழுத்துப் பெயர் கிளான்சிக்கு.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவது இங்கேதான். நானும் அந்தச் சண்டையில் வெகுநாளாக இருக்கிறேன், ஒரு கட்சிக்காரனாக.

எங்கள் பேட்டையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. வாடகைப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், படித்தவர்கள் பென்சிலால் தீர்ப்பு எழுதிவைப்பார்கள். நடத்திய அக்கா திட்டிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்கமாட்டார்கள். 'ஆப்-சென்டர்' கடைசிப் பக்கம் ஒரு போர்க்களம். சூப்பர் என்று ஒருவர், அதன் கீழே ஏமாற்று வேலை என்று இன்னொருவர். இது கிளான்சி இல்லை, காசு தண்டம் என்று ஒருவர் அடிக்கோடிட்டு எழுத, கிளான்சி இல்லாததால்தான் முடிக்க முடிந்தது என்று வேறொரு கையெழுத்து அம்புக்குறி போட்டுப் பதில் சொல்லியிருந்தது. அந்த அம்புக்குறி ஆசாமியை இன்றைக்குப் பார்த்தாலும் காபி வாங்கிக் கொடுப்பேன்.

எதிர்க்கட்சியின் வாதத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கிளான்சி யாரென்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பால்டிமோர் ஊர்க்காரர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். 1984ல் 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' நாவலை வெளியிட்டது அமெரிக்கக் கடற்படை சார்ந்த நேவல் இன்ஸ்டிட்யூட் பிரஸ். அதற்கு முன் அவர்கள் புனைகதையே போட்டதில்லை. ஜனாதிபதி ரீகன் அதைப் பாராட்டியதும் விற்பனை எங்கேயோ போய்விட்டது. சோனாரில் காதைக் கொடுத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பதை நூறு பக்கத்துக்கு எழுதி, அதையும் திகிலோடு படிக்க வைத்தவர் அவர். 1991ல் வந்த 'தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்' நாவலில் ஓர் அணுகுண்டு வெடிப்பதை நொடியின் நுண்பகுதிகளாகப் பிரித்து, உள்ளே எந்த உலோகம் எப்போது என்ன ஆகிறது என்று விவரித்திருப்பார். படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். டெக்னோ-த்ரில்லர் என்றால் கிளான்சி என்று ஆனது இப்படித்தான். அந்த ருசிக்குப் பழகிய நாக்கு, அதே பெயர் போட்ட பொட்டலத்தைப் பிரித்து வேறு சரக்கைப் பார்த்தால் காறித் துப்பத்தான் செய்யும். நியாயம்தான்.

என் சித்தப்பா இந்தக் கட்சியின் தலைவர். நேவியில் இருந்து ஓய்வு பெற்றவர், கிளான்சியின் ஆரம்பகால நாவல்களைப் பைண்டு பண்ணி வைத்திருப்பவர்.

"டேய், கப்பல்ல ஒரு போல்ட்டு கழண்டா என்ன சத்தம் கேக்கும்னு எழுதுறவன் கிளான்சி. உன் ஆளு எழுதறது ஆபீஸ் மீட்டிங்குடா. நாலு பேரு கோட்டுப் போட்டுக்கிட்டு மேஜையைச் சுத்தி உக்காந்து பேசறான்."

"அந்த மீட்டிங்தான் சித்தப்பா கதையே."

"மீட்டிங் பாக்கறதுக்கா காசு குடுத்துப் படிக்கறேன்? முப்பது வருஷம் சம்பளம் வாங்கிட்டு உக்காந்து பாத்தவன்டா நான்!"

அவர் குறையாகச் சொன்னதுதான் இந்தப் புத்தகத்தின் உயிர் என்று எனக்குப் படுகிறது. கதையைச் சொன்னால் உங்களுக்கும் புரியும்.

சியோல் நகரம். கியோங்போக் அரண்மனைக்கு வெளியே அரசு விழா நடக்கும்போது குண்டு வெடிக்கிறது. தடயமெல்லாம் வடகொரியாவைக் காட்டுகிறது. எல்லையில் இரண்டு பக்கமும் படைகள் விறைக்கின்றன. வாஷிங்டன் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் புதிதாகத் திறந்த, இன்னும் முழு நம்பிக்கை சம்பாதிக்காத ஒரு நெருக்கடி நிர்வாக மையத்திடம் ஜனாதிபதி பொறுப்பைக் கொடுக்கிறார். அதுதான் ஆப்-சென்டர். குண்டு வைத்தது வடக்கு இல்லை, போரைக் கிளப்பத் துடிக்கும் தென்கொரிய ராணுவ ஆசாமிகள்தான் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். பாத்திரங்களுக்குத் தெரியாது. ஒரு நாளுக்குள் அவர்கள் கண்டுபிடிக்காவிட்டால் யுத்தம்.

இது வந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். 1994 ஜூனில் வடகொரியாவின் அணு உலை விவகாரம் போரின் விளிம்புவரை போய், ஜிம்மி கார்ட்டர் நேரில் போய்ப் பேசினார். ஜூலையில் கிம் இல் சுங் இறந்தார். அக்டோபரில் ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த வருஷமே இந்த நாவல். நாளிதழின் மை காய்வதற்குள் எழுதிய கதை. அப்போதே வாங்கிப் படித்தவர்களுக்குக் கை நடுங்கியிருக்கும்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் கிழமை, மணி, இடம். சியோலில் சாயங்காலம் என்றால் வாஷிங்டனில் விடியாத நேரம். பத்து நிமிடம் கழித்து எல்லைக்கோட்டில் ஒரு முகாம், இன்னும் ஐந்து நிமிடம் கழித்து வெள்ளை மாளிகை. இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் அத்தியாயம் முடிந்து, மணி நகர்ந்துகொண்டே இருக்கும். பல பேர் அந்தத் தலைப்புக் குறிப்பைப் படிக்காமல் தாண்டிவிட்டு, கதை குழப்புகிறது என்று குற்றம் சாட்டுகிறார்கள். தயவுசெய்து அதைப் படியுங்கள் சாமி! அந்த மணிதான் வில்லன்.

ஆட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். மையத்தின் தலைவர் பால் ஹூட், லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர். துப்பாக்கி தூக்கத் தெரியாத நிர்வாகி. ரொம்ப நல்லவர் என்பதால் ஆபீஸில் 'போப்' பால் என்று கிண்டல் செய்வார்கள். உலகம் எரியும் அதே நாளில் அவருடைய மகன் ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மனைவி அங்கே ஒற்றையாளாக. போரை நிறுத்துவதா, பிள்ளையைப் பார்க்கப் போவதா? கிளான்சியின் நாயகன் ஜாக் ரயனுக்கு இந்த மாதிரிச் சங்கடம் வந்தால் ஏதாவது வீர சாகசத்தில் போய் முடியும். ஹூட் போனில் மனைவியிடம் திணறுகிறார், அவ்வளவுதான். அந்தத் திணறலுக்கு நான் அடிமை.

உதவித் தலைவர் ஜெனரல் மைக் ராட்ஜர்ஸ், நாற்காலியில் உட்கார முடியாத ராணுவக்காரர். அப்புறம் பாப் ஹெர்பர்ட். உளவுப் பிரிவுத் தலைவர். 1983 ஏப்ரலில் பெய்ரூட் அமெரிக்கத் தூதரகத்தில் வாகனக் குண்டு வெடித்து 63 பேர் செத்தார்களே, அந்த நிஜச் சம்பவத்தில் மனைவியையும் தன் கால்களின் இயக்கத்தையும் இழந்தவராக அவரைப் படைத்திருக்கிறார் ரோவின். சக்கர நாற்காலி, முரட்டு வாய், யாரிடமும் அனுதாபம் கேட்காத மனுஷன். அவர் வரும் பக்கம் எல்லாம் எனக்குக் கொண்டாட்டம். கணினிக்கு மேட் ஸ்டோல், மனோதத்துவத்துக்கு லிஸ் கார்டன், சட்டத்துக்கு லோவெல் காஃபி, பத்திரிகைக்காரர்களைச் சமாளிக்க ஆன் ஃபாரிஸ். களத்தில் இறங்க ஸ்ட்ரைக்கர் என்று ஒரு படை.

இந்த வரிசை வேறு எதையோ ஞாபகப்படுத்துகிறது என்று எனக்கு நெடுநாள் அரித்துக்கொண்டிருந்தது. ரோவின் யார் என்று தேடிப் படித்தபோதுதான் பிடிபட்டது. மனிதர் 1970களில் அட்லஸ் காமிக்ஸ் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தவர். 1985ல் சூப்பர் ஹீரோக்களுக்கு ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்துப் போட்டவர். நின்டென்டோ விளையாட்டுகளில் ஜெயிப்பது எப்படி என்று கையேடு எழுதியவர். ஆகா! ஆப்-சென்டர் என்பது டை கட்டிய சூப்பர் ஹீரோ கூட்டம். ஆளுக்கு ஒரு சக்தி, ஆளுக்கு ஒரு காயம். ஒருத்தரால் தனியாக எதுவும் முடியாது. கட்டம் கட்டமாகத் தாவும் அத்தியாயங்களும் காமிக்ஸ் பக்கத்தின் கட்டங்கள்தான். கிளான்சி எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்க்கும் எழுத்தாளர் என்றால் ரோவின் கும்பலை மேய்க்கும் எழுத்தாளர். இரண்டும் வேறு வேறு வித்தை. ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றைத் திட்டினால் எப்படி?

ஸ்டீவ் பிச்செனிக்கும் சும்மா பெயர் கொடுத்தவர் இல்லை என்றே நினைக்கிறேன். மனநல மருத்துவர், அமெரிக்க வெளியுறவுத் துறையில் பணயக்கைதி விவகாரங்களைக் கையாண்டவர். 1978ல் இத்தாலியில் முன்னாள் பிரதமர் அல்டோ மோரோ கடத்தப்பட்டபோது ரோமுக்கு அனுப்பப்பட்டவர். எதிரியின் மனசு எப்படி வேலை செய்யும் என்று கூட்டத்தில் ஒரு மனோதத்துவ நிபுணரிடம் கேட்கும் பழக்கம் இந்த நாவலில் இவ்வளவு இயல்பாக வருவதில் அவர் கை இருக்கும் என்பது என் ஊகம்.

தொழில்நுட்பம் குறைவு என்கிறார்களே, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது ஆப்-சென்டர் கணினிகள் சில நொடிகள் செத்துப் பிழைக்கின்றன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு வரும் செயற்கைக்கோள் படங்களில் வடகொரியப் படைகள் நகர்கின்றன. ஆனால் அந்தப் படைகள் அங்கே இல்லை. படமே பொய். வைரஸ் உள்ளே புகுந்து கண்ணையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. 1995ல் நம்மில் எத்தனை பேர் ஒரு ஈமெயில் அனுப்பியிருப்போம்? அப்போதே, பார்க்கும் படத்தை நம்பாதே என்று ஒருத்தர் போர்க்கதை எழுதியிருக்கிறார். அட்டையில் பெயர் இல்லாத ஒருத்தர். இந்த இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டியதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். போல்ட்டு, நட்டு விவரம் கம்மிதான். அந்த ஒரே ஒரு கற்பனைக்கு முன்னால் எனக்கு அது போதும்.

லெண்டிங் லைப்ரரி அக்காவும் என் கட்சிதான், ஆனால் வியாபாரக் காரணத்துக்காக. கிளான்சியின் தடித்தடிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதியில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். 1996ல் வந்த 'எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்ஸ்' 850 பக்கத்துக்கு மேலே. "அந்தக் குண்டு புக்கு வேணாம் தம்பி, தூக்க முடியாது. இதை எடுத்துட்டுப் போ, ரெண்டு நாள்ல அடுத்தது கேப்பே" என்று ஆப்-சென்டரைத் தள்ளிவிடுவார். சொன்னபடியே ஆகும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆன் ஃபாரிஸுக்கு ஹூட் மேல் ஓர் ஈர்ப்பு என்று ஆரம்பித்துவிட்டு, அதைப் புத்தகம் புத்தகமாக இழுப்பார்கள் பாருங்கள், மெகா சீரியல் தோற்றுவிடும். மார்த்தா மக்கால் மாதிரி கூர்மையான பெண் பாத்திரத்துக்கு முதல் நாவலில் எரிச்சல்படுவதைத் தவிர அதிக வேலை கொடுக்கவில்லை. வசனத்தில் வரும் ஜோக்குகளில் பாதி எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டில் பின்பாதி களைத்துப்போயிருப்பதும் உண்மை. 2001ல் வந்த 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' இந்தியா, பாகிஸ்தான், காஷ்மீர் பற்றியது. கார்கில் முடிந்து இரண்டு வருஷத்தில் வந்த கதை என்பதால் நம் ஊர் வாசகர்களுக்குக் கூடுதல் ஆசை. ஆனால் நம் ஆட்கள் பேசுகிற இடங்களில், வெளியூர்க்காரர் வரைபடம் பார்த்து எழுதிய வாடை அடிக்கிறது. அந்தப் பிரதியின் பென்சில் பக்கத்தை இங்கே எழுத முடியாது. ஆனாலும் இமயமலைப் பனியில் ஸ்ட்ரைக்கர் படைக்கு நேர்வதை எழுதிய துணிச்சலுக்கு வணக்கம். வரிசை நாவலில் செல்லப் பிள்ளைகளை யாரும் அப்படிப் பலி கொடுக்கமாட்டார்கள்.

ஏமாற்றுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். வாசகரின் கோபத்தை நான் மறுக்கவில்லை. பெரிய எழுத்தில் ஒரு பெயரைப் போட்டு, எழுதியவர் பெயரைத் தேடிப்பிடிக்கும்படி ஒளித்துவைப்பது வியாபாரத் தந்திரம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஏன் எழுதினவர் தலையில் இறக்குகிறார்கள்? அட்டையை வடிவமைத்தது அவரா? கோஸ்ட் ரைட்டர்கள் நேற்று முளைத்தவர்களும் இல்லை. அலெக்ஸாந்தர் டூமாவோடு சேர்ந்து உழைத்த அகுஸ்த் மாக்கே கோர்ட் படியேறியும் அட்டையில் பெயர் வாங்க முடியவில்லை. ஹார்டி பாய்ஸ் கதைகளின் ஃபிராங்க்ளின் டிக்ஸன் என்று ஓர் ஆளே கிடையாது. ஆரம்பகாலக் கதைகளில் பெரும்பாலானவற்றை லெஸ்லி மெக்ஃபார்லேன் என்ற கனடாக்காரர்தான் எழுதினார். படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதனால் எதுவும் குறைந்துபோகவில்லை.

கிளான்சியே முன்பு இன்னொரு விதமாக நடந்துகொண்டவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1986ல் வந்த 'ரெட் ஸ்டார்ம் ரைஸிங்' அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். ஆனால் இது லாரி பாண்டும் நானும் சேர்ந்து செய்த புத்தகம் என்று உள்ளே தெளிவாகச் சொல்லியிருந்தார். ரோவினுக்குக் கிடைத்தது நன்றிப் பக்கத்தின் பூடகம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னால், "ரெட் ஸ்டார்ம்ல கப்பல் இருக்குடா" என்கிறார். அவருக்குக் கப்பல் இருந்தால் எல்லாம் சரி.

ரோவின் கதை அத்தோடு முடியவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2013 அக்டோபரில் கிளான்சி காலமானார். அடுத்த வருஷம் ஆப்-சென்டர் வரிசைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள், வேறு எழுத்தாளர்களை வைத்து. அந்த 2014லேயே நம் ஆள், 'எக்ஸ்-ஃபைல்ஸ்' நடிகை கில்லியன் ஆண்டர்சனோடு சேர்ந்து 'எ விஷன் ஆஃப் ஃபயர்' என்று ஓர் அறிவியல் புனைவு எழுதினார். அதன் அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன. பிறகு ஆப்-சென்டருக்கே திரும்பி வந்தார். 2018ல் வந்த 'ஃபார் ஹானர்' அட்டையில், கிளான்சி பெயர் பெரிதாகவே இருக்க, எழுதியவர் ஜெஃப் ரோவின் என்று வெட்ட வெளிச்சமாக அச்சாகியிருக்கிறது. முதல் நாவல் வந்து இருபத்துமூன்று வருஷம் கழித்து! என் சொந்தக்காரருக்குப் பதவி உயர்வு வந்தது போல அந்த அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அதைக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார்.

"இதை மொதல்லயே போட்டிருந்தா நான் ஏன்டா திட்டப்போறேன்?"

"அப்ப முதல் புக்கு நல்லாயிருக்குன்னு ஒத்துக்கறீங்களா?"

"ஏமாத்தலைன்னு ஒத்துக்கறேன். நல்லாயிருக்குன்னு எங்கடா சொன்னேன்?"

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1995ல் வந்த முதல் நாவலிலேயே தொடங்குங்கள். அதே வருஷம் என்.பி.சி. டெலிவிஷனில் ஹாரி ஹாம்லின் நடித்து ஒரு குறுந்தொடர் வந்தது, அதைப் பார்த்துவிட்டு இந்தப் புத்தகத்தை எடைபோட வேண்டாம். இரண்டாவதாக 'மிரர் இமேஜ்' எடுங்கள். ரஷ்யாக்காரர்கள் தங்களுக்கும் ஒரு ஆப்-சென்டர் கட்டியிருப்பார்கள், எங்கே தெரியுமா? செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கு அடியில்! அதன் தலைவர் ஒரு முன்னாள் விண்வெளி வீரர், ஜெனரல் ஓர்லோவ். எதிரணியில் இவ்வளவு கண்ணியமான மனிதரைப் பனிப்போர்க் கதைகளில் நீங்கள் அதிகம் பார்த்திருக்கமாட்டீர்கள். மூன்றாவது 'கேம்ஸ் ஆஃப் ஸ்டேட்', 1996. வெறுப்பைப் பரப்பும் வீடியோ கேம்கள் கணினி வழியாகப் பரவும் கதை. எந்த வருஷம் எழுதியது என்று முன்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். ராத்திரியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், மறுநாள் ஆபீஸ் இருந்தால்.